டிக்கெட் செயலிக்கு இரண்டு நட்சத்திரம், தாழ்ப்பாள் இல்லாத அரங்குக்கு நான்கு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்களுக்கு வசதி. டிக்கெட் செயலிக்கு ஐந்தில் இரண்டு. அந்த டிக்கெட்டோடு நான் போன பெரிய அரங்குக்கு மூன்று. பதினோரு நாள் கழித்துப் போன சின்ன அரங்குக்கு நான்கு. ஐந்தாவதைக் கழிப்பறை தின்றுவிட்டது.

செயலியின் பெயரையும் பெரிய அரங்கின் பெயரையும் எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் பெரிய கைகள் சிலதான். ஒன்று செய்வதைப் பார்த்து இன்னொன்று செய்கிறது. நீங்கள் எங்கே டிக்கெட் வாங்கியிருந்தாலும் கீழே வருவதெல்லாம் உங்களுக்கும் நடந்ததாகவே இருக்கும்.

நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் ஐந்து பேர் கொண்ட ஒரு இசைக்குழுவோடு வேனில் சுற்றியவள் நான். பாடவில்லை, வாசிக்கவில்லை, டி-ஷர்ட் விற்றேன். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது வாசலோரம் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் இல்லையா, அது நான்தான். எண்ணுவது, மடிப்பது, சில்லறை தேடுவது, ‘மீடியம் இருக்கா’ என்று கேட்பவரிடம் லார்ஜை நீட்டி ‘துவைத்தால் சுருங்கிவிடும்’ என்று சமாளிப்பது, இதுதான் வேலை. குழு கலைந்துவிட்டது. இப்போது காசு கொடுத்து உள்ளே போகும் கூட்டத்தில் ஒருத்தி.

சரி, செயலி.

விற்பனை காலை பத்து மணிக்கு. ஒன்பது ஐம்பதுக்கே திறந்து ‘காத்திருப்பு அறை’யில் உட்கார்ந்தேன். பத்து அடித்ததும் வரிசையில் என் எண் வந்தது: 14,207. திரையில் ஒரு குட்டி மனிதன் கோட்டின் மேல் நடக்கிறான். 52 நிமிடம் நடந்தான். நடுவில் ஒருமுறை குளிக்கப் போய்விட்டேன். ஈரக்கையோடு ஓடிவந்து பார்த்தால் இன்னும் மூவாயிரம் பேர் முன்னால்.

உள்ளே விட்டதும் இருக்கை வரைபடம் வந்தது. நீலப் புள்ளிகள் கண்ணெதிரே சாம்பல் நிறமாகின்றன. தொட்ட முதல் இரண்டு இருக்கைகளும் ‘வேறொருவர் எடுத்துவிட்டார்’. மூன்றாவது கிடைத்தது. கணக்கு எளிதாக இருக்கட்டும், அதன் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, அதே வரிசையில், அதே தூண் மறைக்கும் இரண்டு இருக்கைகள் 170. மேலே ஒரு நட்சத்திரக் குறி. சிறப்பு எதுவும் இல்லை, குறி மட்டும்தான்.

100-க்கு ‘சரி’ என்று அழுத்திய பிறகுதான் மற்றவை வந்தன. சேவைக் கட்டணம் 19. அரங்கக் கட்டணம் 6. ஆர்டரைச் செயல்படுத்தும் கட்டணம் 4. ஓரத்தில் ஒரு கடிகாரம் ஐந்து நிமிடத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. 14,000 பேரைத் தாண்டி வந்தவள் 29-க்காகத் திரும்பிப் போவாளா? மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கட்டினேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இந்தச் செயலி நன்றாக வேலை செய்கிறது. பணம் இரண்டு முறை போகவில்லை, டிக்கெட் காணாமல் போகவில்லை. வாசலில் க்யூஆர் சதுரத்தைக் காட்டினேன், மூன்று நொடியில் உள்ளே. அந்தச் சதுரம் சில நொடிக்கு ஒருமுறை மாறுகிறது, அதனால் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு விற்க முடியாது. பிளாக்கில் விற்பவர்களுக்கு எதிரான ஏற்பாடு என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அதே செயலியிலேயே மறுவிற்பனைக் கடை இருக்கிறது. என்னோடு வரவேண்டிய தோழிக்குக் காய்ச்சல். அவள் டிக்கெட்டை அங்கே போட்டோம். விற்பவரிடம் ஒரு கட்டணம், வாங்குபவரிடம் இன்னொரு கட்டணம். முதலில் நாங்கள் வாங்கியபோது கொடுத்ததையும் சேர்த்தால் ஒரே நாற்காலிக்கு மூன்று தடவை. நாற்காலி அசையவே இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் செயலியைத் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என்பதால் எனக்கு அது போதவில்லை. அந்த 19 முழுவதும் செயலிக்காரருக்குப் போவதில்லை. பெரும்பகுதி அரங்குக்குத் திரும்புகிறது, சில சமயம் நிகழ்ச்சி ஏற்பாட்டாளருக்கும் பங்குண்டு. ‘உங்கள் அரங்கின் டிக்கெட்டை அத்தனை வருடத்துக்கு நாங்கள் மட்டுமே விற்போம், கட்டணத்தில் உங்களுக்கு இவ்வளவு, முன்பணமாக இவ்வளவு’ என்பதுதான் ஒப்பந்தத்தின் எலும்பு. கெட்ட பெயர் மட்டும் செயலிக்கு. திட்டு வாங்குவதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கமிஷன்.

இது பழைய கதை. 1994-இல் அமெரிக்க ராக் குழு பேர்ல் ஜாம், 18 டாலர் டிக்கெட்டுக்கு மேல் கட்டணம் 1 டாலர் 80 சென்ட்டைத் தாண்டக்கூடாது என்று பெரிய டிக்கெட் விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டரிடம் மல்லுக்கு நின்றது. அமெரிக்க அரசின் நீதித்துறையிடம் புகார் கொடுத்தார்கள். குழுவில் இரண்டு பேர் நாடாளுமன்றக் குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார்கள். டிக்கெட்மாஸ்டரோடு ஒப்பந்தம் இல்லாத இடங்களில் மட்டும் சுற்றுப்பயணம் போகப் பார்த்தார்கள்; பெரிய குழு வாசிக்கக்கூடிய அப்படிப்பட்ட இடங்கள் போதுமான அளவு இல்லை. 1995 ஜூலையில் நீதித்துறை விசாரணையை மூடிவிட்டது. அன்றைக்கு உலகத்திலேயே அதிகம் விற்ற குழுக்களில் ஒன்றுக்கே கதவு கிடைக்கவில்லை என்றால், எங்கள் வேனை நினைத்துப் பாருங்கள்.

அப்போதாவது டிக்கெட் விற்பவர் ஒருவர், கச்சேரி நடத்துபவர் வேறொருவர். அமெரிக்காவில் வட்டாரத்துக்கு ஒரு ஏற்பாட்டாளர் இருந்தார். அவருக்குத் தன் வட்டாரத்தின் காது தெரியும், பக்கத்து வட்டாரத்துக்காரரோடு சண்டையும் இருக்கும். 1990-களின் பிற்பகுதியில் ராபர்ட் சில்லர்மேன் என்பவர் எஸ்எஃப்எக்ஸ் என்ற நிறுவனத்தை வைத்து இந்த வட்டார ஏற்பாட்டாளர்களை ஒவ்வொருவராக வாங்கினார். மொத்தத்தையும் 2000-இல் கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனத்துக்குச் சுமார் 440 கோடி டாலருக்குக் கைமாற்றினார். 2005-இல் கிளியர் சேனல் அந்தப் பிரிவைத் தனியாகப் பிரித்துவிட்டது. அதுதான் லைவ் நேஷன். 2010-இல் லைவ் நேஷனும் டிக்கெட்மாஸ்டரும் ஒன்றாயின. நிபந்தனைகளோடுதான் அரசு அனுமதித்தது. 2019-இல் அதே அரசு, நிபந்தனைகள் மீறப்பட்டன என்று சொல்லி அவற்றை மேலும் சில வருடத்துக்கு நீட்டித்தது.

2024 மே 23 அன்று நீதித்துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து, இந்த இணைப்பைப் பிரிக்க வேண்டும் என்று வழக்குப் போட்டன. மனுவில் இருந்த எண்களை நான் அப்போதே ஒரு தாளில் எழுதி வைத்தேன்: வட அமெரிக்காவில் 265-க்கும் மேற்பட்ட அரங்குகள் அவர்கள் உடைமையில் அல்லது கட்டுப்பாட்டில், பெரிய அரங்குகளின் கச்சேரி ஏற்பாட்டில் சுமார் 60 சதவீதம், அவற்றின் முதல்நிலை (மறுவிற்பனை அல்லாத) டிக்கெட் விற்பனையில் சுமார் 80 சதவீதம், நேரடியாக நிர்வகிக்கும் கலைஞர்கள் 400-க்கும் மேல். போட்டி இருக்கத்தான் செய்கிறது, கட்டணத்தை முடிவு செய்வது அரங்குகள்தான் என்பது நிறுவனத்தின் பதில். அந்த பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், அந்த அரங்குகளில் நிறைய அவர்களுடையதே. தரகர், வீட்டுக்காரர், கணக்குப்பிள்ளை, வாசல்காரர் எல்லாம் ஒரே ஆளாக இருந்தால், குடியிருப்பவர் யாரிடம் போய் முறையிடுவார்?

விலை ஏறும் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் டிக்கெட் முன்விற்பனையில் டிக்கெட்மாஸ்டர் தளம் திணறியது. 2024 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டிஷ் ராக் குழு ஒயாசிஸின் மறுவருகைக்கு வரிசையில் நின்றவர்களில் பலருக்கு, சுமார் 150 பவுண்டு என்று நினைத்த நிற்குமிட டிக்கெட் முறை வந்தபோது 355 ஆகியிருந்தது. பிரிட்டனின் போட்டி ஆணையம் விசாரித்துச் சொன்னது சுவாரசியமானது: நொடிக்கு நொடி விலையை மாற்றிய கணக்கு எதுவும் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இரண்டு விலைப் படிகள் இருந்திருக்கின்றன, மலிவானது தீர்ந்ததும் மக்கள் மற்றதில் போய் விழுந்தார்கள், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் செயலியில் பார்த்த நட்சத்திரக் குறி இருக்கைகள் நினைவுக்கு வந்தன. அமெரிக்காவில் 2025 மே மாதத்திலிருந்து கட்டணமெல்லாம் சேர்ந்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. 129 என்று முதலிலேயே காட்டியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேனா? வாங்கியிருப்பேன். ஆனால் கடிகாரம் ஓடும்போது ஏமாந்த உணர்வு வந்திருக்காது.

மனிதர் முயன்றால் கொஞ்சம் நடக்கும் என்பதற்கு ஒரே ஒரு நல்ல உதாரணம்: 2023-இல் பிரிட்டிஷ் ராக் குழு தி கியூர் 20 டாலருக்கு டிக்கெட் வைத்தது. அதன் மேல் கட்டணங்கள் சேர்ந்தபோது சில இடங்களில் டிக்கெட்டை விடக் கட்டணம் பெரிதாகிவிட்டது. குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பொதுவில் கோபப்பட்டார். டிக்கெட்மாஸ்டர் மலிவான டிக்கெட் வாங்கியவர்களுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. ராபர்ட் ஸ்மித்துக்கு அந்தக் குரல் இருக்கிறது. நாற்பது வருடப் புகழ் இல்லாத குழு கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரு அனுபவம் உண்டு, கீழே சொல்கிறேன்.

இப்போது பெரிய அரங்கு. மூன்று நட்சத்திரத்துக்கு அது தகுதியானதுதான். ஒலி சுத்தம், மேல் வரிசையிலும் பாடகியின் மூச்சு கேட்டது. கழிப்பறை பளபளப்பு. வெளியேறும்போது நெரிசல் இல்லை, ஒவ்வொரு படியிலும் ஒரு ஆள் விளக்கோடு நின்றார். தண்ணீர் பாட்டில் வெளியே விற்பதைப் போல நான்கு மடங்கு. சொந்த பாட்டிலை வாசலிலேயே வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

பாடகிக்கு முன்னால் வாசித்த குழுவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மூன்று பேர். 25 நிமிடம். அவர்களுக்குப் பெரிய திரையைப் போடவில்லை, விளக்கில் பாதியும் கிடையாது, சத்தமும் குறைத்துத்தான் விட்டார்கள். இதெல்லாம் வழக்கம்தான், நாங்களும் அப்படி வாசித்திருக்கிறோம். அரங்கில் கால்வாசிக் கூட்டம். டிக்கெட்டில் அவர்கள் பெயர் இல்லை, ‘சிறப்பு விருந்தினர்’ என்று மட்டும் இருந்தது. நான்காவது பாட்டில் டிரம்ஸ் வாசித்த பெண் ஒரு தப்பு அடி போட்டு, சிரித்து, அந்தத் தப்பையே திரும்பத் திரும்ப அடித்து அதை ஒரு தாளமாக ஆக்கிவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அன்றைய இரவில் நான் எழுந்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

இடைவேளையில் நேராக அவர்கள் ஸ்டாலுக்குப் போனேன். பழக்க தோஷம். இருபது வயதுப் பெண் ஒருத்தி தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தாள். டி-ஷர்ட்டைப் பார்த்தேன், விலை கொஞ்சம் உறுத்தியது. ‘இங்கே எவ்வளவு வெட்டறாங்க?’ என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. நிமிர்ந்து பார்த்தாள்.

‘இருபத்தஞ்சு பர்சென்ட், அக்கா. மொத்த விற்பனையில.’

‘லாபத்திலயா, மொத்தத்திலயா?’

‘மொத்தத்தில. அதனாலதான் விலையை ஏத்த வேண்டியதாப் போச்சு. சாரி.’

அவள் ஏன் சாரி சொல்ல வேண்டும்?

தெரியாதவர்களுக்காக விளக்குகிறேன். குழு தன் டி-ஷர்ட்டை அரங்குக்குள் விற்றால் அரங்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். 20, 25, சில இடங்களில் 30 சதவீதமும் உண்டு. மதியம் அரங்கின் ஆள் ஒருவர் வந்து பெட்டியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவார், இரவு மிச்சத்தை எண்ணுவார், வித்தியாசத்துக்குப் பங்கு. டி-ஷர்ட் 100-க்கு விற்கிறது என்றால் துணியும் அச்சும் 40, அரங்குக்கு 25, மிச்சம் 35. அதில்தான் வேனுக்கு டீசல், அறை வாடகை, அறுந்த கம்பிகள். ஒருமுறை டிரம்மருடைய அக்கா கச்சேரி பார்க்க வந்திருந்தாள், அவளுக்கு ஒன்று இனாமாகக் கொடுத்தோம். இரவு எண்ணும்போது ஒன்று குறைந்தது. அதற்கும் 25 சதவீதம் கட்டினேன். மேசை எங்களுடையது, துணி எங்களுடையது, ஆறு மணி நேரம் நின்ற கால் என்னுடையது. அரங்கு கொடுத்தது ஒரு சுவரும் ஒரு பிளக் பாயிண்ட்டும்.

2023 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் லாரன்ஸ் என்ற குழுவின் பாடகர் கிளைட் லாரன்ஸ் தங்கள் கணக்கைப் பிரித்துக் காட்டினார். டிக்கெட் 30 டாலர், மேல் கட்டணம் 12, ரசிகர் கொடுப்பது 42. அதில் குழுவின் கைக்கு 12 வருகிறது, பயணச் செலவு போனால் 6. எட்டுப் பேர் குழு. அந்த விசாரணையை அன்று நான் வேலையிடத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் பேசியது அரசியல் மாதிரியே இல்லை. நான் இரவு ஒன்றரை மணிக்கு வேன் விளக்கில் எழுதும் நோட்டுப் புத்தகத்தை யாரோ சத்தமாக வாசிப்பது போல இருந்தது.

எங்கள் அனுபவம். ஆறாவது வருடம், ஓர் அரங்கில் இந்த டி-ஷர்ட் பங்கு கொடுக்க மாட்டோம் என்று நின்றோம். உள்ளே மேசை போடவில்லை. தெருமுனையில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து விற்றோம். பிரமாதமாக விற்றது! அரங்கிலிருந்து காவலாளி ஒருவர் வந்து, பார்த்து, தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். வெற்றி என்று நினைத்தோம். அடுத்த சுற்றுப்பயணத்துக்குத் தேதி கேட்டு எழுதியபோது அந்த அரங்கிலிருந்து பதில் இல்லை. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் வேறு மூன்று ஊர்களில் வேறு நான்கு அரங்குகளிலிருந்தும் பதில் இல்லை. வேறு வேறு பெயர், வேறு வேறு வாசல். எல்லாவற்றுக்கும் தேதி கொடுக்கும் மேசை ஒன்றுதான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரும் எங்களைத் தடை செய்யவில்லை, கடிதம் எதுவும் வரவில்லை. பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்கள் ஒன்று சேர்வதால் டிக்கெட் விலை ஏறுகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். ஏறட்டும், பணக்காரக் கச்சேரிக்கு நான் போகாமல் இருந்துகொள்வேன். எனக்கு வலிப்பது கதவுகளின் எண்ணிக்கை. முன்பு ஒருவர் ‘முடியாது’ என்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருந்தார். ரசனை வேறு, முன்கோபம் வேறு, எங்கள் பாட்டு அவருக்குப் பிடித்தும் தொலைக்கும். இப்போது ஒரு மேசையின் ‘முடியாது’ ஐந்து வாசலிலும் செல்லுபடியாகிறது.

நியாயத்துக்காக இதையும் சேர்க்கிறேன். 2023 செப்டம்பரில் லைவ் நேஷன், தன்னுடைய 77 சிறு அரங்குகளில் டி-ஷர்ட் பங்கு எடுக்கமாட்டோம், வாசிக்கும் குழுக்களுக்கு ஒரு கச்சேரிக்கு 1,500 டாலர் பயணப் பணமும் தருவோம் என்று அறிவித்தது. வேனில் இருக்கும் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் தனியார் சிறு அரங்குகளின் சங்கம் அதை எதிர்த்தது. காரணம் புரிகிறது: டிக்கெட், விளம்பரம், பெரிய அரங்கு என்று நாலு பக்கம் வருமானம் உள்ளவர் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுக்கலாம். ஒரே ஒரு அறையை வைத்திருப்பவர் எதை விடுவார்?

அந்த ஒரே ஒரு அறைக்கு வருகிறேன். பதினோரு நாள் கழித்துப் போன சின்ன அரங்கு. 180 பேர் நிற்கலாம், 200 பேர் நின்றால் சுவர் வியர்க்கும். இதற்கும் போனில் டிக்கெட் எடுக்கலாம். ஒரு விலை, அதற்குமேல் எதுவும் இல்லை. நான் வாசலிலேயே வாங்கினேன், மணிக்கட்டில் ரப்பர் முத்திரை குத்தினார்கள், இரண்டு நாள் குளித்தும் போகவில்லை. இப்படிக் கொஞ்சம் மரியாதையாக நடத்தும் சின்ன டிக்கெட் சேவைகளும் நிலைப்பதில்லை என்பது தனிச் சோகம். 2014-இல் லண்டனில், கட்டணம் ஒளிக்காத சேவை என்று கிளம்பிய டைஸை 2025-இல் ஃபீவர் என்ற பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது.

கழிப்பறை ஒன்று. தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனால் ஒரு காலால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடைக்கு இடது பக்கம் ஒரு தூண். அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் கிடார் கேட்கும், கிடார் வாசிப்பவர் தெரியமாட்டார். ஒலியைச் சரிசெய்யும் மிக்சிங் போர்டில் நிற்பவர்தான் முதலாளி. பாட்டுக்கு நடுவில் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து பாஸ் (அடித்தொனி) ஒலியைக் குறைக்கிறார். டி-ஷர்ட் மேசைக்குப் பங்கு கேட்பதில்லை. கேட்டதில்லையா என்று விசாரித்தேன். ‘கேட்டா எந்த முகத்தோட பசங்களைத் திரும்பக் கூப்பிடறது?’ என்றார்.

அவரை எனக்கு முன்பே தெரியும். எங்கள் குழு முதன்முதலில் இங்கே வாசித்தபோது வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் எங்களுக்கு முன்னால் வாசித்த குழு. நாங்கள் மோசமாக வாசித்தோம், அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது பாட்டில் பாடகன் வரியை மறந்து ‘லா லா’ என்றான். முடிந்ததும் முதலாளி வந்து, ‘மூணாவது பாட்டில் ஏதோ இருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்றார். வந்தோம். பதினேழு பேர். அப்புறம் மறுபடி வந்தோம், நாற்பது. அந்த மூணாவது பாட்டுதான் பிறகு எங்களை ஊர் ஊராகக் கூட்டிப்போனது. பதினோரு பேர் வந்த இரவின் கணக்கைப் பார்த்து எந்தக் கம்பெனி மறுபடி தேதி கொடுக்கும்? பெரிய மேடைக்கு வரும் ஒவ்வொரு குழுவும் எங்கோ ஒரு சின்ன அறையில் இப்படி அசிங்கமாக வாசித்துத்தான் வந்திருக்கிறது.

இந்த அறைகளின் கணக்கு எப்படி நிற்கிறது என்பதற்குப் பிரிட்டனில் ஒழுங்காகக் கணக்கெடுக்கிறார்கள். மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் 2023-ஆம் வருட அறிக்கைப்படி சிறு அரங்குகளின் சராசரி லாபம் 0.5 சதவீதம். நூறு பவுண்டு கல்லாவில் விழுந்தால் ஐம்பது பென்ஸ் மிச்சம். அந்த ஒரே வருடத்தில் 125 இடங்கள் மூடின அல்லது கச்சேரியை நிறுத்தின. பாத் நகரில் 45 வருடமாக நடந்த மோல்ஸ் அந்த டிசம்பரில் மூடியது. ரேடியோஹெட், ஒயாசிஸ் எல்லாம் பெயர் வாங்குவதற்கு முன்னால் வாசித்த இடம். நான் மேலே சொன்ன 355 பவுண்டு டிக்கெட்டுக்குப் போன வழி இப்படிப்பட்ட தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைகள் வழியாகத்தான்.

வழி இல்லாமல் இல்லை. பெரிய அரங்க டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தொகையை எடுத்துச் சிறு அரங்குகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. அரசு ‘விருப்பப்பட்டவர்கள் கொடுக்கட்டும்’ என்று சொல்லியிருக்கிறது. சிலர் கொடுக்கிறார்கள், கோல்ட்பிளே குழு 2025 பிரிட்டன் கச்சேரி வருமானத்தில் 10 சதவீதத்தைத் தருவதாக அறிவித்தது, லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் அரங்கும் சேர்ந்திருக்கிறது. விருப்பப்பட்டால் கட்டலாம் என்ற வரியை யார் ஒழுங்காகக் கட்டுவார்கள் என்பது எனக்குச் சந்தேகம். பிரான்ஸில் இது சட்டம்: டிக்கெட் விலையில் 3.5 சதவீதம் தேசிய இசை மையத்துக்குப் போய், அங்கிருந்து மற்ற இசை முயற்சிகளுக்குத் திரும்புகிறது. என் செயலி வசூலித்த 29-இல் ஒரே ஒரு எண் இப்படித் திரும்பி வரும் என்று எழுதியிருந்தால் நான் மூன்றாவது நட்சத்திரத்தைக் கொடுத்திருப்பேன்.

நடைமுறைக்கு இரண்டு சொல்கிறேன். அரங்கின் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் இருந்தால் நேரில் போய் வாங்குங்கள், பல இடங்களில் கட்டணத்தில் பாதி காணாமல் போய்விடும். டி-ஷர்ட் வாங்கும் முன் மேசையில் இருப்பவரிடம் ‘இங்கே வாங்கவா, உங்கள் தளத்தில் வாங்கவா’ என்று கேளுங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

அன்று கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு முதலாளியோடு நின்று ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். (எட்டு மாதிரி மடக்கிச் சுருட்ட வேண்டும், முழங்கையில் சுற்றினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும். யாரும் கேட்பதில்லை.) பெரிய அரங்கில் பார்த்த அந்த மூன்று பேர் குழுவைப் பற்றிச் சொன்னேன், அந்தத் தப்பு அடியைப் பற்றியும்.

‘தெரியும்’ என்றார். ‘முதல் ரெண்டு கச்சேரி இங்கதான்.’

‘அப்ப கூப்பிடுங்களேன்.’

சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் காட்டினார். பெரிய சுற்றுப்பயணத்தின் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம்: கச்சேரிக்கு முன்னும் பின்னும் இத்தனை நாள், இத்தனை தூரத்துக்குள் வேறெங்கும் வாசிக்கக்கூடாது. பெரிய இசை விழாக்களில் இது வெகுநாள் வழக்கம்; சிகாகோவின் லொல்லபலூசா விழாவின் இந்த நிபந்தனை 300 மைல் வரை நீள்கிறது என்று பேசப்பட்டு, 2010-இல் இல்லினாய் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அதை விசாரித்தது. அந்த மூன்று பேர் இருட்டில், அரைச் சத்தத்தில் 25 நிமிடம் வாசித்ததற்கும் அதே நிபந்தனை. இன்னும் 79 நாள் பாக்கி.

எண்பதாவது நாளின் கட்டத்தில் பென்சிலால் அவர்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நான் அங்கேயே காசு கொடுத்தேன். ரசீது தேடினார், கிடைக்கவில்லை. குழுவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் பென்சிலால் எழுதிக்கொண்டார்.